ஆவுடையப்பனின் சுண்டுவிரல்

சீடருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குருவுக்கு அதில் பாதி.

கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று சந்தேகப்பட வேண்டாம். சரியாகத்தான் பிடித்திருக்கிறேன். குருவின் பெயர் பெனாசிர். பொட்டல்புதூரிலிருந்து தினமும் பஸ் ஏறி அம்பாசமுத்திரம் வந்து போகிறவர். ஆசிரமம் என்று எதுவும் கிடையாது. பார்சல் சாப்பாட்டுக் கடைக்கு மாடியில், சகாயம் டிஜிட்டல்ஸ் என்ற ஸ்டூடியோவில் ஒரு மேசை உண்டு.

சீடர் ஆவுடையப்பன் அதே ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட்டர். அந்த வட்டாரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேரின் தாலிகட்டு அவர் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. அவர் வேலை செய்கிறாரா இல்லையா என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சத்தமே சொல்லிவிடும்.

டக். சி அடித்தால் திரையில் கத்தி வரும். அதை வைத்துப் படத்தை வெட்டுவார். டக். வி அடித்தால் கத்தி போய் அம்புக்குறி வரும். வேண்டாத துண்டைத் தொட்டு அழிப்பார். கடைசியாக டக்டக் என்று கண்ட்ரோல் எஸ். அதுவரை செய்ததைச் சேமித்து வைக்கிற கீ. இவ்வளவும் கண்மூடித் திறப்பதற்குள். கீழே சாப்பாட்டுக் கடைக்காரர் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மேலே டீ அனுப்பலாமா என்று முடிவு செய்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஸ்டூடியோ முதலாளி தேவசகாயம் ஒரு கல்லைப் போட்டார். புதிய கேமரா வாங்கினார். அது எடுத்த படங்களைப் பழைய சாஃப்ட்வேர் திறக்கப் பார்த்துவிட்டு அப்படியே உறைந்து நின்றது. வேறு வழியில்லாமல் புதிய சாஃப்ட்வேர் வந்தது. அது தெரிந்த பெனாசிரும் வந்தார்.

“ஞாயித்துக்கிழமை ரைஸ்மில் வீட்டுக் கல்யாணம்வே,” என்றார் தேவசகாயம். “காலைல தாலிகட்டு. சாயந்திரம் ரிசப்ஷன்ல காலைல எடுத்தது பெரிய திரையில ஓடணும். நிறமும் சத்தமும் பெனாசிர் பாத்துக்கிடும். வெட்டுறது நீரு. புதுசுலதான் வெட்டணும்.”

“பாத்துக்கிடலாம் அண்ணாச்சி.”

“பாத்துக்கிடலாம்னா எப்படி? முடியாதுன்னா இப்பமே சொல்லிரும். திருநெல்வேலியில ஒருத்தன்கிட்ட பேசி வச்சிருக்கேன். அவன் வந்துருவான். நீரு ஆல்பத்தப் பாத்துக்கிடும்.”

ஆல்பம் பிரிவு என்றால், தயாராகி வந்த ஆல்பங்களைத் துடைத்து, பெட்டியில் வைத்து, வருகிறவர்களிடம் சிரித்த முகத்தோடு கொடுப்பது. நல்ல வேலைதான். தனி மின்விசிறி கூட உண்டு. ஆனால் அது வெட்டுகிற வேலை இல்லை. வெட்டுகிற நாற்காலியில் உட்காராவிட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது. நிஜமாகவே பயந்துபோனார்.

“பெனாசிர்கிட்ட கேட்டுக்கிடும். இனிமே அதுதான் உமக்கு குரு,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு முதலாளி போய்விட்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை ஆவுடையப்பன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் சூடான உளுந்த வடைப் பொட்டலத்தோடு குருவின் மேசை முன் வந்து நின்றார்.

“என்னண்ணே இது?”

“குருவுக்கு மொத நாளு வெறுங்கையோடயா வாரது?”

பெனாசிர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

“சட்னி?”

ஆவுடையப்பன் படியிறங்கி ஓடிப்போய்ச் சட்னி வாங்கி வந்தார். இப்படியாக அவர் சீடராகச் சேர்ந்தார்.

வடை தீர்ந்ததும் முதல் கேள்வியைக் கேட்டார்.

“இதுல சி எங்கம்மா இருக்கு?”

“அங்கயேதான் இருக்கு.”

“அது தெரியுது. பழசுல சி அடிச்சா கத்தி வரும். இதுல வரமாட்டேங்குது.”

“ஆமா. வராது.”

“பழைய கீயெல்லாத்தையும் அப்படியே இதுக்குள்ள கொண்டுவர வழி இருக்காம்லா?”

“இருக்கு.”

குரு மறுப்பார், கண்டிப்பார் என்றெல்லாம் ஆவுடையப்பன் எதிர்பார்த்திருந்தார். பெனாசிர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ ஒரு மெனுவைத் திறந்து, ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

ஆவுடையப்பன் சி அடித்தார். கத்தி வந்தது. வி அடித்தார். அம்புக்குறி வந்தது.

“வந்துட்டு! என் கீயெல்லாம் வந்துட்டு!”

முதலாளியின் அறைக் கதவு திறந்து மூடியது. ஆவுடையப்பன் பழகிப் பார்ப்பதற்காக ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொண்டார். டக், டக், டக்டக். கீழே இருந்து டீ வந்தது.

அந்தக் கல்யாணத்தில் கேமராவை மறைத்துக்கொண்டு நின்ற மாமாக்கள் ஏராளம். அந்தத் துண்டுகளைத் தொட்டு டெலீட் அடித்தார். மாமாக்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பழைய சாஃப்ட்வேரில் டெலீட் அடித்தால் அந்த இடம் காலியாகக் கிடக்கும். பிறகு சாவகாசமாக அங்கே வேறொரு படத்தை வைப்பது அவர் வழக்கம். இங்கே மற்ற கீகள் எல்லாம் பழையபடி நடந்துகொண்டன. டெலீட் மட்டும் புதிய வீட்டுப் புத்தியை விடவில்லை. ஒவ்வொரு மாமா போனபோதும் பின்னால் இருந்த படங்கள் எல்லாம் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை மூடின; தனியாக வைத்திருந்த மேளச் சத்தம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. ஆவுடையப்பன் அதைக் கவனிக்கவில்லை.

முடித்துவிட்டு, குருவைக் கூப்பிட்டு, பெருமையாக ஓட்டிக் காட்டினார்.

கெட்டிமேளம் முழங்கியது. திரையில் மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். தாலி எப்போதோ கட்டி முடிந்திருந்தது.

“சாஃப்ட்வேரு தப்பு பண்ணுதும்மா!”

“பசிக்குதுண்ணே. வாங்க.”

கீழே சாப்பாட்டுக் கடையில் வரிசை நின்றது. இருவரும் போய் நின்றார்கள். ஆவுடையப்பனுக்கு முன்னால் இருந்தவர் பார்சலை வாங்கிக்கொண்டு போனார். ஆவுடையப்பன் முன்னால் நகர்ந்தார்.

“ஏன் நகந்தீங்க?”

“முன்னால நின்னவரு போயிட்டாருல்லா.”

“இடத்த காலியா விட்ருக்கலாமே.”

“எப்படி விட? பின்னால நிக்கவங்க சும்மா இருப்பாங்களா?”

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வரிசை முழுவதும் ஓர் அடி முன்னால் வந்திருந்தது. கடைசியில் நின்ற ஆள் வரைக்கும். ஆவுடையப்பனின் வாய் பிளந்தது.

“யம்மா! இது கியூ!”

பெனாசிர் கடையின் விலைப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

“பழசு, பஸ்ஸுல துண்டு போட்டு வச்ச சீட்டு. ஆளு எந்திரிச்சுப் போனாலும் சீட்டு அங்கயே கிடக்கும். இது கியூ. ஒருத்தன் போனா அத்தன பேரும் நகருவான்! அதான் பாயசம் குடிச்சிருக்கான்!”

அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யார் பாயசம் குடித்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

“ரெண்டு சாம்பார் சாதம்,” என்றார் குரு கடைக்காரரிடம்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் ஆவுடையப்பன் சொன்னார்: “பழைய கீயெல்லாத்தையும் எடுத்துருங்கம்மா.”

“நெசமாவா?”

“எடுத்துருங்க. ஊரு மாறிட்டு. பழைய ஊரு வழிய மனசுல வச்சு நடந்தா சாக்கடையிலதான் விழணும்.”

வீரமாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அந்த வீரத்தில் பாதி கூட மிச்சமில்லை. விரல்கள் சி-யைத் தேடிப் போயின, வெறுங்கையோடு திரும்பின. டெலீட் அடிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். கீழே இருந்து டீயும் வரவில்லை.

“சி-க்குப் பதிலா இதுல என்ன கீம்மா?”

“உங்களுக்கு என்னண்ணே வேணும்?”

“சி-க்குப் பதிலு.”

“அது இல்ல. உங்களுக்கு என்ன வேணும்?”

பெனாசிர் கீபோர்டை மேசையிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மவுஸையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க வாயால சொல்லுங்க. நான் அமுக்குதேன்.”

திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றத் தயாராக நின்றார்கள். அதற்கு முன்னால் கேமராக்காரர் எங்கெங்கோ அலைந்து, பந்தலையும் வாழை மரத்தையும் யாரோ ஒருவரின் முதுகையும் எடுத்திருந்தார்.

“சி,” என்றார் ஆவுடையப்பன்.

குரு அசையவில்லை.

“கத்திய எடுங்க.”

“எதுக்கு?”

“வெட்டத்தான்.”

“எதுக்கு வெட்டணும்?”

“என்னம்மா கேள்வி இது? வெட்டினாத்தான ரெண்டா ஆகும்?”

“எதுக்கு ரெண்டா ஆகணும்?”

ஆவுடையப்பனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “இந்த முதுகெல்லாம் எவனுக்கு வேணும்? இதுக்கு முன்னால இருக்கது எனக்கு வேண்டாம்!”

பெனாசிர் ஒரு கீயை அமுக்கினார். ஒரே ஒன்றை.

பந்தல், வாழை மரம், முதுகு எல்லாம் போய்விட்டன. பெண் மாலையோடு நின்றாள்.

ஆவுடையப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“என்ன செஞ்சீங்க?”

“நீங்க சொன்னதத்தான்.”

“கத்தி எங்க? அம்புக்குறி எங்க?”

“நீங்க கேக்கலையே.”

“திரும்பச் செய்யுங்க!”

திரும்பச் செய்தார். ஆவுடையப்பன் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். இத்தனை வருடமும் கத்தியை எடுத்து, வெட்டி, கத்தியை வைத்து, துண்டைத் தொட்டு, அழித்து, அந்த நீண்ட கச்சேரி முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். இதற்கு முன்னால் இருப்பது வேண்டாம். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை அவர் ஒருநாளும் வாயால் சொல்லிப் பார்த்ததில்லை.

“இந்தச் சிரிப்பு இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கணும்,” என்றார்.

ஒரு கீ.

“இந்தப் பாட்டி அங்க வேண்டாம், இங்க வரணும்.”

ஒரு கீ, ஓர் இழுப்பு.

“இவன் வாயசைக்கான், சத்தம் மட்டும் முன்னாலயே வரணும்!”

வந்தது. ஆவுடையப்பன் கைதட்டினார். முதலாளி வெளியே வந்து பார்த்தார். பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்து ஆசை ஆசையாகக் கேட்டுக்கொண்டே இருக்க, சின்னப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் நிறைவேற்றிக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலைக்குள் கீபோர்டு ஆவுடையப்பன் மடிக்கு வந்துவிட்டது. வேண்டியதை வாயால் சொல்வார், விரலால் அமுக்குவார். மறந்துபோனால் குருவிடம் கேட்பார். எந்தக் கீ என்று கேட்கமாட்டார். இது வேண்டாம், அது வேண்டும் என்றுதான் கேட்பார். வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் போதை இறங்கவில்லை. இலையின் முன் உட்கார்ந்து, “கூட்டு கொஞ்சம் வேணும். ரசம் போதும்,” என்றார். அவர் மனைவி பகவதி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தனக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்தடுத்த நாட்களில் ஆவுடையப்பனின் வேகம் ஏறிக்கொண்டே போனது. ஒரே ஒரு பழைய பழக்கம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. எதை வெட்டினாலும், வெட்டி முடித்ததும் இடது சுண்டுவிரல் தானாகக் கண்ட்ரோலுக்குப் போய்விடும். டக்டக். கண்ட்ரோல் எஸ்.

“எத்தன கோடையில கரண்டு போயிருக்கு தெரியுமா?” என்றார். “ஒரு தடவ ஒரு முகூர்த்தம் முழுசும் போயிட்டு. பொண்ணு வீட்டுக்காரங்க அழுதாங்க. நானும் அழுதேன். அன்னைக்குப் பிடிச்ச பழக்கம். இதுலயும் அதே கீதானம்மா?”

“அதே கீதான். ஆனா இது தானாவே சேவ் பண்ணிக்கிடும், அண்ணே. ஒவ்வொரு வெட்டுக்கும்.”

“நாம அமுக்க வேண்டாமா?”

“மெஷினுக்குத் தேவையில்ல.”

“அப்படின்னா இதுவும் பழைய ஊரு வழிதான்!”

ஆவுடையப்பன் உடனே மருந்துக்கடைக்குப் போனார். இடது சுண்டுவிரல் நுனியில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார். பழக்க தோஷத்தில் விரல் கண்ட்ரோலைத் தொட்டால் பிளாஸ்டர் சொரசொரக்கும், உடனே கையை எடுத்துவிடலாம். தன் யோசனையை அவரே மெச்சிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் அந்த டக்டக் சத்தம் ஸ்டூடியோவில் நின்றுபோனது. இப்போது ஒரே சீராக டக், டக், டக் என்று தையல் மெஷின் மாதிரி கேட்டது. பெனாசிர் தன் மேசையிலிருந்து ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி தன் வேலையில் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ரைஸ்மில் வீட்டுக் கல்யாணம் என்றால் ஊரே வரும். மண்டபத்தில் எடிட்டருக்குக் கிடைத்த இடம் சமையல்கட்டுக்குப் பக்கத்து அறை. ஒருபுறம் வாழை இலைக்கட்டு, மறுபுறம் தேங்காய் மூட்டை, நடுவில் இரண்டு மேசை. ஒன்றில் குரு, ஒன்றில் சீடர். தாலி கட்டி முடிந்து, கேமராவிலிருந்து படங்கள் வந்து சேர்ந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. மேடை விளக்கு எரிவதற்குள் படம் தயாராக வேண்டும்.

ஆவுடையப்பன் பறந்தார். வேறு சொல் இல்லை. இது வேண்டாம், டக். இது வேண்டும், டக். இவள் முன்னால், அவன் பின்னால். விரல்கள் அவருடைய ஆசைக்கு முன்னால் ஓடின. வாழ்க்கையிலேயே இவ்வளவு வேகமாக ஒரு கல்யாணத்தை அவர் வெட்டியதில்லை. கடைசிப் பந்தி எழுவதற்குள் படம் முடிந்துவிட்டது.

“அண்ணாச்சியக் கூப்பிடுங்க!” என்றார். அவ்வளவு சந்தோஷம்.

தேவசகாயம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். படம் ஓடியது. மாலை, மேளம், தாலி, அட்சதை, சிரிப்பு, கால் கழுவுதல், மெட்டி. எல்லாம் இருந்தது. ஒரு தவறும் இல்லை. ஒன்று வந்து நிற்பதற்குள் அடுத்தது வந்தது.

முடிந்தது. தேவசகாயம் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நல்லாத்தான்வே இருக்கு,” என்றார்.

அந்தத் ‘தான்’ ஆவுடையப்பனின் நெஞ்சில் இறங்கியது. முதலாளி கதவருகே போய்த் திரும்பினார்.

“எதுக்கும் திருநெல்வேலிக்காரன வரச் சொல்லிருதேன். பக்கத்துல வீரவநல்லூர்லதான் நிக்கானாம். வந்து ஒரு பார்வ பாக்கட்டும்.”

அவர் போனபிறகு அறையில் தேங்காய் வாசனை மட்டும் இருந்தது. ஆவுடையப்பன் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். வெட்டுகள் எல்லாம் சரி. ஆனால் யாருடைய முகமும் மனதில் நிற்கவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு கல்யாண வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. எங்கே தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“பெனாசிர்ம்மா. எதும்மா சரியில்ல?”

பெனாசிர் அவர் கையைப் பார்த்தார்.

“விரல்ல என்னண்ணே?”

“பிளாஸ்டரு.”

“காயமா?”

“இல்ல. சேவ் அடிக்காம இருக்கதுக்கு.”

“கழட்டுங்க.”

“தானாவே சேவ் ஆகுதுல்லாம்மா?”

“ஆகுது.”

“பின்ன எதுக்குக் கழட்டணும்?”

“கழட்டிட்டு வெட்டிப் பாருங்க.”

நேரமோ குறைந்துகொண்டே வந்தது. திருநெல்வேலிக்காரர் பைக்கில் ஏறியிருப்பார். ஆவுடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் குரு சொல்லிவிட்டார். பிளாஸ்டரைப் பிய்த்து இலைக்கட்டின் மேல் போட்டுவிட்டு, முதலிலிருந்து வெட்ட உட்கார்ந்தார்.

இது வேண்டாம், டக். சுண்டுவிரல் தானாக நகர்ந்தது. டக்டக். இரண்டு கையும் கீபோர்டை விட்டு எழும்பின. முதுகு நாற்காலியில் சாய்ந்தது. கண் திரையில் இருந்தது. அரை மூச்சு நேரம்தான். பிறகு கை மறுபடி இறங்கியது.

டக், டக்டக். கை எழும்பியது. பெண்ணின் அம்மா திரையில் இருந்தார். அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது. இருந்தார்.

டக், டக்டக்.

தாலி கட்டும் இடம் வந்தது. கெட்டிமேளம், அட்சதை மழை. மழை முடிந்த இடத்தில் முதல் தடவை வெட்டியது போலவே இப்போதும் வெட்டினார். டக்டக் அடித்தார். சாய்ந்தார். பார்த்தார்.

படத்தின் ஓரத்தில் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். ரைஸ்மில் முதலாளி. ஊரே நடுங்கும் குரல் உள்ள மனிதர். எல்லோருடைய கையும் அட்சதையை வீசிவிட்டு விரிந்திருந்தது. அவருடைய கை மட்டும் மூடியிருந்தது.

“இதுக்கு அப்புறம் என்ன இருக்கு?” என்று முணுமுணுத்தார் ஆவுடையப்பன். வெட்டியதை இழுத்துத் திறந்தார்.

மேளம் நின்றபிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் மணமக்களை நோக்கி முன்னால் போனது. அந்த மனிதர் அங்கேயே நின்றார். மெல்லக் கையை விரித்துப் பார்த்தார். மஞ்சள் அரிசி அப்படியே இருந்தது. மகளைப் பார்த்துக்கொண்டே நின்றதில் போட மறந்துவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“பெனாசிர்ம்மா!” ஆவுடையப்பன் கத்திய கத்தலில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். “இங்க வாங்க! இத பாருங்க! இவரப் பாருங்க!”

பெனாசிர் வந்து பார்த்தார். உடனே தன் மேசைக்குப் போய், மேளச் சத்தம் நின்ற இடத்தில் பாட்டு எதையும் வைக்காமல் விட்டார்.

படத்தை மேடைக்கு அனுப்பும்போது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திருநெல்வேலிக்காரர் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றார். இனி அவர் பார்ப்பதற்கு நேரமில்லை. எல்லோரும் மண்டபத்துக்குள் போய்ச் சுவரோரம் நின்றார்கள். ஆவுடையப்பன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

பெரிய திரையில் கல்யாணம் ஓடியது. கூட்டம் தங்களைத் தாங்களே கண்டுபிடித்துச் சிரித்தது. கெட்டிமேளம் வந்தது. அட்சதை பொழிந்தது. பிறகு சத்தமே இல்லாமல், திரை முழுவதும் அந்த ஒற்றை மனிதர் கையை விரித்துப் பார்த்தார்.

மண்டபம் அமைதியானது. ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தவர் கூட நின்றுவிட்டார்.

திரையில் அவர் அரிசியைப் பைக்குள் போட்டபோது, மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் நின்ற அதே மனிதரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. காலையிலிருந்து சட்டை மாற்ற நேரம் கிடைக்காத மனிதர் அவர். பையில் அரிசி இருந்தது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு விறுவிறுவென்று இறங்கி வந்தாள். அப்பா முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றாள்.

“போடுங்கப்பா,” என்றாள்.

அவர் போட்டார். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. ஆவுடையப்பன் வெளிப்படையாகவே அழுதார்.

தேவசகாயம் வாசலுக்குப் போனார். திருநெல்வேலிக்காரரின் தோளில் கை போட்டு, “தம்பி, வந்தது வந்துட்டீரு, சாப்பிட்டுட்டுப் போம்,” என்றார். பிறகு ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தார். “அடுத்த முகூர்த்தம் புதன்கிழமைவே. காலைலயே வந்து நாற்காலியப் பிடியும்.”

இலைக்கட்டும் தேங்காய் மூட்டையும் இருந்த அறையில் குரு வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சீடர் ஒரு தட்டில் வடையும், மறக்காமல் சட்னியும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். பிய்த்துப்போட்ட பிளாஸ்டர் இலைக்கட்டின் மேல் கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஒரு மனத்தாங்கல்மா. கேட்டுருதேன்.”

“கேளுங்கண்ணே.”

“அந்தக் கீ எனக்கு வேணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? தேவையில்லன்னுதான சொன்னீங்க?”

பெனாசிர் வடையைச் சட்னியில் தோய்த்தார்.

“மெஷினுக்குத் தேவையில்லன்னு சொன்னேண்ணே.”